வாங்கியவர் கையொப்பம்

கடிதத்தில் மூன்று வரிதான் இருந்தது. உருளையின் காப்புக் கம்பி பழுதாகியிருந்ததை முன்கூட்டித் தெரிவிக்காத காரணத்தால், அந்தப் பிரிவின் பொறுப்பாளரான தங்களை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பதற்குப் அடுத்த வாரம் புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் விளக்கம் தர வேண்டும். கீழே சூப்பர்வைசரின் கையெழுத்து, கடைசி எழுத்தின் வாலை நன்றாகச் சுழித்து.

உருளைக்காரி அதை நின்றபடியே இரண்டு முறை படித்தாள். பிறகு சலவைக்கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "ஆடு நனையுதேன்னு வேலி அழுதுச்சாம்!"

வேறொரு நாளாக இருந்தால் கூடமே சிரிப்பில் வெடித்திருக்கும். ஓநாயை எங்கே விட்டீர்கள், வேலி எப்போது அழ ஆரம்பித்தது என்று நாலு பேர் கேட்டிருப்பார்கள். ஆனால் ஆறு நாளாக அங்கே யாரும் சிரிக்கவில்லை. ஆறு நாளைக்கு முன்னால், அவளோடு சேர்ந்து வேலை செய்யும் நெட்டையின் வலது கை உருளைக்குள் போயிருந்தது.

அது ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் இடம். ஒரு கோடியில் அழுக்கு மூட்டை இறங்கும். மறு கோடியில் மடித்த விரிப்பு வண்டியில் ஏறும். நடுவில் துவைக்கும் இயந்திரங்கள், பிழியும் இயந்திரங்கள், எல்லாம் தாண்டினால் விரிப்புகளை இஸ்திரி போடும் உருளை. உயரம் இடுப்பளவுதான். ஆனால் மூன்று பேர் கைகோத்து நின்றால்தான் அதன் நீளத்தை அளக்க முடியும். உள்ளே நீராவி ஓடும். ஈர விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு பேர் பிடித்து, சுருக்கம் விழாமல் ஒரே நேரத்தில் இழுத்து அதன் வாயில் கொடுக்க வேண்டும். இடது முனை உருளைக்காரி, வலது முனை நெட்டை. பதினோரு வருஷம். ஒருத்தி தும்ம வாயெடுத்தால் மற்றவள் கை தானாக நிற்கும். கட்டிக்கொண்டவனோடுகூட இப்படி ஒத்துப்போகவில்லை என்று இருவருமே சொல்லிக்கொள்வார்கள்.

உருளையின் வாய்க்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. தப்பித்தவறி விரல் அதில் பட்டால் உருளை அந்த நொடியே நின்றுவிட வேண்டும். தினமும் வேலை தொடங்கும் முன் ஒரு துண்டைச் சுருட்டி அந்தக் கம்பியைத் தள்ளிப் பார்ப்பது உருளைக்காரியின் பொறுப்பு. மூன்று மாதமாகவே அது சரியில்லை. பத்துத் தடவை தள்ளினால் ஒன்பது தடவை நிற்கும். பத்தாவது தடவை யோசிக்கும். அந்த வியாழக்கிழமை அது யோசித்துக்கொண்டிருந்தபோது நெட்டையின் விரல்கள் உள்ளே போய்விட்டன. உருளையை நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்கு நாலு எட்டுத்தான் தூரம். அந்த நாலு எட்டையும் உருளைக்காரி தூக்கத்தில்கூட ஓடிக்கொண்டிருந்தாள். மூன்று விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்போது இந்தக் கடிதம். தெரிவிக்காத காரணத்தாலாம்! மூன்று மாதமாகத் தொண்டை கிழியத் தெரிவித்தவளுக்கு!

அவள் எப்படித் தெரிவித்தாள் என்பதில்தான் சிக்கல். அதற்கு அவள் பிறந்த வீட்டைச் சொல்ல வேண்டும். இரண்டே அறை. முன்னறையில் அப்பா தையல் மெஷினோடு இருப்பார், பின்னறையில் அம்மா அடுப்போடு. இருவரும் முகத்துக்கு முகம் பார்த்துச் சண்டை போட்டதே கிடையாது. கெட்ட வார்த்தையும் வாயில் வராது, கௌரவமான குடும்பம். இவர் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு பழமொழியை எறிவார், அந்த அம்மாள் அந்தப் பக்கமிருந்து ஒன்றை எறிவாள். நடுவில் வாசற்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பெண்ணின் ஒரு காதில் ஒன்றும் மறு காதில் இன்னொன்றும் ஒரே சமயத்தில் விழும். அப்பா "யானைக்கும் அடி சறுக்கும்" என்று தன் தவறை ஒப்புக்கொள்ளாமல் ஒப்புக்கொள்வார். அவர் முடிப்பதற்குள் அம்மா "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்று அந்தத் தவறின் பழைய கதையை ஆரம்பிப்பாள். பெண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே ஊறிவிட்டன. சாதாரணமாகப் பேசும்போது ஒன்றும் தெரியாது. கோபம் வந்தால்தான் வினை. இரண்டு பழமொழிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடிவந்து, ஒன்றின் தலையும் மற்றதன் வாலுமாக வாயிலிருந்து விழும்.

பள்ளிக்கூடத்து வாத்தியார் திருத்திப் பார்த்தார். மாமியார் சிரித்துப் பார்த்தார். கணவர் மட்டும், பஸ் ஓட்டுகிறவர், நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாதவர், அவள் சொல்வதுதான் சரி என்று நம்பினார். டிப்போவில் போய் "எறும்பு ஊர அம்மியும் நகரும்" என்று சொல்லி, அங்கே எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்ததற்கு அப்புறமும், "அவனுங்களுக்குத் தெரியலை" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அந்த ஒன்றுக்காகவே அவருடைய மற்றக் குற்றங்களையெல்லாம் அவள் தள்ளுபடி செய்திருந்தாள்.

வேலையிடத்தில் அவளுக்குக் "கலப்படம்" என்று பெயர் வைத்தவர் மூட்டைக் குமாஸ்தா. வாசலில் மேஜை போட்டு, வரும் மூட்டையையும் போகும் மூட்டையையும் பதிவது அவர் வேலை. தேதி, நேரம், விவரம், கொடுத்தவர், வாங்கியவர், வாங்கியவர் கையொப்பம் என்று ஆறு கட்டம். ஆறும் நிரம்பாமல் ஒரு தலையணை உறைகூட அவரைத் தாண்டிப் போனதில்லை. போன வருஷம் வேலை மந்தமாக இருந்த ஒரு நாள், புது நோட்டு ஒன்றை எடுத்து அதிலும் ஆறு கட்டம் போட்டார். விவரத்தில், உருளைக்காரி அன்று கத்திய பழமொழி. எதைப் பற்றி என்பதும் அடைப்புக்குறிக்குள். மூட்டையில் என்ன துணி என்று எழுதாமல் விடுகிற ஆளா அவர்? கொடுத்தவர்: கலப்படம். வாங்கியவர்: அவளிடம் திட்டு வாங்கியவர். அந்த ஆள் வந்து கையெழுத்துப் போட்டால்தான் பதிவு முடியும்.

"வாங்குனதுக்குக் கையெழுத்து வேணாமா?" என்பார் குமாஸ்தா. கூடமே கூடி நிற்கும். வாங்கியவர் நெளிந்துகொண்டே கையெழுத்துப் போடுவார். டீ நேரத்தில் ஒருவர் அதைச் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் டீயைச் சட்டையில் சிந்திக்கொள்வார்கள்.

வண்டி டிரைவர் வாங்கியது: "மரத்துல ஏத்திவிட்டுட்டு மாட்டை எடுத்துட்டுப் போயிட்டான்." எலெக்ட்ரீஷியன் வாங்கியது: "பாம்பைக் கண்டா நாயைக் காணோம், கல்லைக் கண்டா கம்பைக் காணோம்." பிழியும் இயந்திரத்துக்காரர் வாங்கியது: "முழுப் பூசணிக்காயை அகப்பையில மறைக்காதே." இவற்றைக் கேட்டுச் சிரிக்காதவன் கல். நெட்டைதான் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பாள். முதுகை வளைத்து, முழங்காலில் தட்டித் தட்டி, "அடியே, உன் வாயை இந்த உருளையில விட்டாக்கூட நேராகாதுடி" என்பாள்.

உருளைக்காரி எல்லோரையும் முறைப்பாள். முறைப்பாளே தவிர, அந்த நோட்டைப் பிடுங்கி ஒரு நாளும் கிழித்ததில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை மூன்றாவது முறை பார்த்தபோது அவள் கண் கையெழுத்தின் வாலில் போய் நின்றது. இந்தச் சுழியை எங்கேயோ பார்த்திருக்கிறோமே! எங்கே என்று ஞாபகம் வந்ததும் நேராக வாசல் மேஜைக்குப் போனாள்.

"நோட்டைக் குடுங்க."

குமாஸ்தா நிமிரவில்லை. "எந்த நோட்டு?"

"என்னைக் கலப்படம்னு எழுதி வெச்சிருக்கீங்களே, அந்த நோட்டு."

"அது சும்மா தமாஷுக்குக்கா. அதெல்லாம் அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டேன்."

"ஒரு துண்டு காணோம்னா மூணு நாள் சோறு இறங்காது உங்களுக்கு. நீங்க நோட்டைத் தூக்கிப் போட்டீங்களா? யாருகிட்டக் கதை விடறீங்க?"

அவர் பேனாவைக் காதில் செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார். "பெரிய ஆபீஸ்லேருந்து ஆள் வர்றாங்க. அதைக் கொண்டுபோய் அங்க வெச்சா உங்க மானம்தான் போகும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "என் மானத்தைத்தான் ஒரு வருஷமா தேதி போட்டு மூட்டை கட்டி வெச்சாச்சே! இப்ப என்ன புதுசா அக்கறை?"

"சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா என் கதி? எனக்கும் குடும்பம் இருக்குக்கா."

"நெட்டைக்கும் குடும்பம் இருக்கு. கைதான் இல்லை."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் இழுப்பறையைத் திறக்கவில்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆஸ்பத்திரி வண்டிக்குப் போகவேண்டிய முதல் மூட்டை வாசலில் இருந்தது. அதன்மேல் போய் உட்கார்ந்தாள். கடப்பாறை போட்டு நெம்பினாலும் எழுந்திருக்கமாட்டாள் என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. வண்டி டிரைவர் ஹாரன் அடித்தார். பின்னால் பதினான்கு மூட்டைகள் தேங்கின. குமாஸ்தாவின் பேரேட்டில் விவரம் எழுதியாகிவிட்டது, நேரம் என்ற கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது. காலிக் கட்டத்தைப் பார்க்கச் சகிக்காத மனிதர் அவர். பத்து நிமிஷம் தாங்கினார். பிறகு இழுப்பறையின் அடியிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். நீட்டிய கையோடு, பழக்க தோஷம், பேரேட்டையும் அவள் பக்கம் திருப்பி, "இங்க ஒரு கையெழுத்து" என்றார்.

அவள் போட்ட கையெழுத்தில் தாள் கிழிந்தது.

அன்று மாலை வீட்டில் அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். பக்கத்தில் கணவர் உட்கார்ந்து கேட்டார். நடுநடுவே "இதுல என்ன தப்பு?" என்றார். உருளைக் கம்பி பற்றி நாலு பதிவு இருந்தது. நாலிலும் வாங்கியவர் சூப்பர்வைசர். நாலிலும் அந்தச் சுழித்த வால். மூன்றைக் கணவருக்குப் படித்துக் காட்டினாள். நாலாவதைத் தனக்குள் படித்து நோட்டை மூடிவிட்டாள்.

புதன்கிழமை மாடி அறையில் விசாரணை. பெரிய ஆபீசிலிருந்து வந்த அதிகாரி ஒரு பெண்மணி. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதைத் தேடுகிற வயது. ஒரு பக்கம் சூப்பர்வைசர், சலவை மடிப்புக் கலையாத சட்டை. கதவருகே குமாஸ்தா, சாட்சிக்கு.

"பழுதுப் புத்தகத்துல மூணு மாசமா அந்தக் கம்பியைப் பத்தி ஒரு வரிகூட இல்லையேம்மா?"

"அந்தப் புத்தகம் சாரோட டிராயர்ல இருக்கும். நாங்க வாயால சொல்லணும், அவர் எழுதணும். அதுதான் இங்க முறை."

சூப்பர்வைசர் வருத்தமாகச் சிரித்தார். "சொன்னா எழுதமாட்டேனா மேடம்? இவங்க என்னிக்கு நேரா ஒரு வார்த்தை பேசியிருக்காங்க? எதையாவது கோமாளித்தனமா சொல்லுவாங்க, எல்லாரும் சிரிப்பாங்க, போயிடுவாங்க. யாரை வேணும்னாலும் கேளுங்க."

யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று உருளைக்காரி நோட்டை மேஜைமேல் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது.

அதிகாரி முதல் பக்கத்தைப் புரட்டினாள். உதடு துடித்தது. இரண்டாவது பக்கத்தில் மாட்டை எடுத்துக்கொண்டு போன டிரைவர் வந்ததும் அந்த அம்மாளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். சூப்பர்வைசரின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. பார்த்தீர்களா, நான் சொல்லவில்லையா என்கிற தெளிவு. உருளைக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு, மடித்து வைத்திருந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

அதிகாரி படித்தாள். "காலை ஏழு ஐம்பது. 'யானை வரும் பின்னே, அடி சறுக்கும் முன்னே.' அடைப்புக்குறிக்குள்ள, உருளைக் கம்பி நிற்காதது குறித்து. வாங்கியவர்..." படிப்பதை நிறுத்தினாள். "இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"அன்னிக்குத்தான் கம்பி முதல் தடவையா ஏமாத்திச்சு. அது சறுக்கல். பெருசு ஒண்ணு பின்னால வருதுன்னு சொன்னேன். வந்துச்சு."

அதிகாரி அடுத்த பதிவைப் படித்தாள்.

"'தும்பை விட்டுட்டுப் புலி வாலைப் பிடிக்கிறீங்க.' இதுவும் கம்பி குறித்து."

"ஒரு ஸ்பிரிங்கை மாத்தினா போதும்மா. அதுதான் தும்பு. அதை இப்ப விட்டா அப்புறம் கையில கிடைக்கிறது மாட்டு வாலா இருக்காதுன்னு சொன்னேன்."

"'செவிட்டுப் பூனைக்கு யாரு மணி கட்டறது, யாரு சங்கு ஊதறது?'"

"அதுக்கு அர்த்தம் வேணுமா உங்களுக்கு?"

வேண்டாம் என்று அதிகாரி தலையாட்டினாள். நாலாவது பக்கம் வந்தது. விபத்துக்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை. "'வெள்ளம் போன பிறகு சூரிய நமஸ்காரம் பண்ணி என்ன பிரயோஜனம்?' உருளைக் கம்பி இன்று இரண்டு முறை நிற்காதது குறித்து." அதற்குக் கீழே கையெழுத்தோடு நிற்கவில்லை. சூப்பர்வைசர் தன் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தார். அன்று கூடமே அதைக் கேட்டுக் கைதட்டியது. அந்த வரி இதுதான்: 'நன்றியுடன் பெற்றுக்கொண்டேன்.'

அதிகாரி கடிதத்தை எடுத்து நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு வாலும் ஒரே மாதிரி சுழித்திருந்தன.

"அது விளையாட்டுக்கு மேடம். எல்லாரும் கையெழுத்துப் போடுவாங்க. நம்ம ஆளுங்ககூட கொஞ்சம் கலகலப்பா இருக்கணும்னு..."

"நீங்க கொஞ்சம் இருங்க." அதிகாரி உருளைக்காரியின் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்துதான் இருந்தது. "செவ்வாய்க்கிழமை ரெண்டு தடவை கம்பி நிக்கலை. உங்களுக்குத் தெரியும். சிவப்பு பட்டன் உங்களுக்கு நாலு எட்டுத் தூரம். நீங்க ஏம்மா உருளையை நிறுத்தலை?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்பார்கள் என்றுதான் அன்று வீட்டில் அவள் நாலாவது பக்கத்தை மூடி வைத்தாள். பொய் சொல்லலாம். நிறுத்தினால் திட்டுவார்கள் என்று பயந்தேன் என்றால் யாரும் மறுக்கப்போவதில்லை. அவளுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

"நிறுத்தத்தான் போனேன். சரி பண்ணாம ஓட்டமாட்டேன்னு சொல்லத்தான் சாரைக் கூப்பிட்டேன். அவர் வந்தாரு. இவரு" என்று குமாஸ்தாவைக் காட்டினாள், "காதுலேருந்து பேனாவை எடுத்தாரு. எல்லாரும் வேலையை விட்டுட்டு என் வாயையே பாத்துட்டு நின்னாங்க. அதுவரைக்கும் எனக்குக் கோபம் வந்து, வாய் தானா உளறும். அன்னிக்கு அப்படி இல்லை. நல்லதா ஒண்ணு யோசிச்சுச் சொன்னேன். கூடமே சிரிச்சுது. எனக்கும் நல்லாத்தான் இருந்துது. அந்த நல்லா இருந்ததுலேயே திரும்பிப் போய்த் துணியைப் பிடிச்சுட்டேன்."

அவள் மறுபடியும் பேசினாள், இந்த முறை கத்தல்.

"அதுக்காக இவர் எழுதாம விட்டது இல்லைன்னு ஆயிடுமா? என் பங்கை நான் சொல்லிட்டேன். அவர் பங்கை அவர் சொல்லட்டும்! நன்றியுடன் பெற்றுக்கொண்டாராம்ல? என்னத்தைப் பெத்துக்கிட்டாருன்னு சொல்லட்டும்!"

பத்து நாள் கழித்து இன்னொரு கடிதம் வந்தது. அவள்மேல் உள்ள குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. சூப்பர்வைசர் வேறொரு கிளைக்கு மாற்றப்பட்டார். தண்டனையாம். அங்கேயும் ஓர் உருளை இருக்கிறது, அதற்கும் ஒரு கம்பி இருக்கிறது, அங்கேயும் இரண்டு முனையில் இரண்டு பேர் நிற்கிறார்கள். அதைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. கடைசி வரி மட்டும் அவளுக்காகவே எழுதியிருந்தது: இனிவரும் காலத்தில் பழுதுகளைத் தெளிவான, நேரடியான சொற்களில் தெரிவிக்குமாறு தாங்கள் அறிவுறுத்தப்படுகிறீர்கள்.

எழுத வேண்டியவன் எழுதாமல் விட்டதற்குப் பேசினவளுக்கு இலக்கணப் பாடம்! அந்தக் கடிதத்தை நாலாக மடித்துக்கொண்டு நெட்டையின் வீட்டுக்குப் போனாள்.

நெட்டை ஜன்னலோரம் உட்கார்ந்து இடது கையால் வெங்காயம் உரிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் கட்டோடு கிடந்தது. உருளைக்காரி கடிதத்தைக் காட்டி, விசாரணையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். செவ்வாய்க்கிழமையையும் சொன்னாள். சொல்லி முடித்து, திட்டுக்காகக் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"நானும்தானேடி சிரிச்சேன்" என்றாள் நெட்டை. "உன் பக்கத்துலதான் நின்னேன். கம்பி நிக்காததை நானும்தான் பாத்தேன். முழங்கால்ல தட்டித் தட்டிச் சிரிச்சேன்." மடியில் கிடந்த கட்டைப் பார்த்தாள். "இந்தக் கையாலதான்."

உருளைக்காரி வெங்காயத்தை வாங்கி உரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் காரணம் யாரும் கேட்கவில்லை.

"இனிமே வாயைத் தெறக்கறதா இல்லை. கம்பி நிக்கலைன்னா கம்பி நிக்கலை. அவ்வளவுதான்."

"செருப்பு பிஞ்சிடும்!" நெட்டைக்கு வந்த கோபத்தில் தட்டு கீழே உருண்டது. "ஊமை மாதிரி இருக்கப் போறியா? அவங்க கடிதத்துல எழுதினபடி பேசப் போறியா? நீ எப்படி வேணும்னாலும் பேசுடி. சிரிக்கிறவன் சிரிக்கட்டும். ஆனா சொல்லிட்டுத் திரும்பி வந்து துணியைப் பிடிக்காதே. அங்கேயே நில்லு. சரி பண்ற வரைக்கும் நில்லு!"

புது சூப்பர்வைசர் வந்தார். சின்ன வயசு, நல்ல மாதிரி, எதற்கும் அவசரம். கம்பிக்குப் புது ஸ்பிரிங் வந்தது. பழுதுப் புத்தகம் இழுப்பறையிலிருந்து வெளியே வந்து, உருளைக்குப் பக்கத்துத் தூணில் கயிறு கட்டித் தொங்கியது. வலது முனைக்குப் பிழியும் பிரிவிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். நல்ல மனிதர்தான். அவர் தும்மினால் அவள் கை நிற்கவில்லை. அதற்கெல்லாம் வருஷம் ஆகும்.

நாலு மாதம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை காலைச் சோதனையில் துண்டைச் சுருட்டித் தள்ளினாள். ஆறு முறை நின்றது. ஏழாவது முறை கம்பி யோசித்தது.

அவள் சிவப்புப் பொத்தானை அடித்தாள்.

உருளை நின்றதும் கூடமே திரும்பியது. புது சூப்பர்வைசர் ஓடிவந்தார். "என்னம்மா ஆச்சு? ஏன் நிறுத்திட்டீங்க? ஆஸ்பத்திரி வண்டி வந்து நிக்குது. சாயங்காலம் பாத்துக்கலாமே, ஒரு தடவைதானே?"

அவ்வளவுதான். இரண்டு பழமொழியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடிவந்தன.

"அடி மேல அடி வெச்சா யானையும் சறுக்கும்!"

பிழியும் இயந்திரத்துப் பக்கம் யாருக்கோ சிரிப்பு வந்து, தொண்டையிலேயே நின்றது. வாசலில் குமாஸ்தாவின் கை தன்னையறியாமல் காதுக்குப் போய், வெறுமனே இறங்கியது. உருளைக்காரி தூணிலிருந்த புத்தகத்தைப் பிரித்துத் தேதி எழுதினாள், நேரம் எழுதினாள். ஏழாவது முறை கம்பி நிற்கவில்லை என்று எழுதினாள். அதற்குக் கீழே, சொன்னதைச் சொன்னபடியே, யானையையும் எழுதினாள். பிறகு புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"கையெழுத்துப் போடுங்க சார்."

அவர் படித்துவிட்டுத் தயங்கினார். "இந்தக் கடைசி வரியும் இருக்கணுமாம்மா?"

"அதைத்தானே இப்ப வாங்குனீங்க?"

அவர் கையெழுத்துப் போட்டார். மெக்கானிக்கைக் கூப்பிட ஆள் ஓடியது. அவள் துணியின் பக்கம் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, அணைந்த உருளைக்குப் பக்கத்தில் நின்றாள். வெளியே வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. நெட்டை பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பாள் என்று தோன்றியது. அதற்கும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.